ரவை விழுந்த பேட்ச்: பர்கூர்ப் பக்கத்துப் பாலியூரித்தேன் ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி போகும் நெடுஞ்சாலையில், பர்கூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு ஆலையில் நடந்தது இது. தண்ணீரில் கரைசல் போல நிற்கும் பாலியூரித்தேன் டிஸ்பெர்ஷன் அங்கே தயாராகிறது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் அதைக் கடைசிப் பூச்சாக ஷூ தோலின் மேல் ஸ்பிரே செய்வார்கள். தின்னரில் கரைத்த பழைய பூச்சுகளில் நாற்றம், தீப்பிடிக்கும் பயம், தொழிலாளியின் மூச்சுக்குக் கேடு எல்லாம் உண்டு. அதற்கு மாற்றாக வந்தது இது. நான் அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் போய்வரும் ஆலோசகன். மற்றபடி முதலாளி, எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் ஆன ஒரு வேதியியலர், பத்து வருட அனுபவமுள்ள ஆபரேட்டர், நான்கு உதவியாளர்கள். அவ்வளவுதான் ஆலை.

செய்முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஒரு பேட்சுக்கு பி.டி.எம்.ஜி. 2000 என்ற பாலியால் 64 கிலோ. பாலியூரித்தேன் சங்கிலியின் நீளமான, மிருதுவான பகுதி இதுதான். அதை ரியாக்டரில் 105 டிகிரி வரை சூடாக்கி, வேக்குவம் போட்டு ஈரத்தை எடுத்துவிட வேண்டும். பிறகு சூட்டைக் குறைத்து, டி.எம்.பி.ஏ. என்ற அமிலப் பொருள் 4.2 கிலோ, இவற்றைச் சங்கிலியாகப் பிணைக்கும் ஐ.பி.டி.ஐ. என்ற ஐசோசயனேட் 22.5 கிலோ, துளி கேட்டலிஸ்ட் சேர்த்து, 80–85 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுவோம். கிடைப்பது தேன் பதத்தில் ஒரு ப்ரீபாலிமர், அதாவது பாதி வளர்ந்த பாலிமர். ஆறவைத்து, கெட்டியாக இருந்தால் அசிட்டோன் விட்டு இளக்கி, ட்ரை எத்தில் அமீன் சுமார் 3.2 கிலோ ஊற்றுவோம். அப்புறம் வேகமாகக் கலக்கிக்கொண்டே 180 லிட்டர் தண்ணீர் போகும். கடைசியில் எத்திலீன் டை அமீன் சேர்த்து மூலக்கூறுச் சங்கிலியை நீட்டிவிட்டு, அசிட்டோனை வேக்குவத்தில் இழுத்து எடுத்துவிடுவோம். கையில் நிற்பது ஏறக்குறைய 275 கிலோ சரக்கு. அதில் திடப்பொருள் மூன்றில் ஒரு பங்கு, மீதி தண்ணீர்.

பாலியூரித்தேனுக்கும் தண்ணீருக்கும் ஒட்டாது. ஒட்டவைப்பது அந்த 4.2 கிலோ டி.எம்.பி.ஏ.தான். அதிலுள்ள அமிலத் தொகுதி அமீனோடு சேர்ந்து எதிர்மின் சுமை கொண்ட கார்பாக்சிலேட்டாக மாறுகிறது. தண்ணீர் விட விட, சங்கிலிகள் சுருண்டு நுண்துளிகளாகும்போது இந்தச் சுமை வெளிப்பக்கம் நிற்கிறது. எல்லாத் துளிக்கும் ஒரே சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. பால் திரியாமல் இருப்பது போல சரக்கு திரியாமல் இருப்பது இந்தத் தள்ளுதலால்தான். அதை எது குறைத்தாலும் சரக்கு கெடும்.

முதல் அறிகுறி

பிப்ரவரி வரை பிரச்சினை இல்லை. மார்ச் இரண்டாவது வாரம் வடிகட்டும் பையில் ரவை போல வெள்ளைக் குருணை தங்க ஆரம்பித்தது. ஒரு பேட்சுக்கு ஒரு கைப்பிடி. விரலால் நசுக்கினால் ரப்பர் மாதிரி இழுத்தது. வடிகட்டிய சரக்கு பார்வைக்கு நன்றாக இருந்ததால் டிரம்மில் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். பார்வைக்கு நன்றாக என்று எழுதினாலும், பழைய சரக்கில் தெரியும் நீல ஒளிர்வு அதில் இல்லை. துளிகள் மிகச் சிறிதாக இருந்தால் பாட்டிலின் ஓரத்தில் ஒரு மெல்லிய நீலம் தெரியும். பெரிதானால் வெறும் பால் வெள்ளை. வேதியியலர் அதைப் பதிவேட்டில் எழுதியிருந்தார். ஆனால் பதிவேட்டை அந்த வாரம் யாரும் புரட்டவில்லை, நான் உட்பட.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு வாடிக்கையாளர் ஐந்து டிரம்மைத் திருப்பி அனுப்பினார். ஸ்பிரே கன் அடைக்கிறது, தோலில் பொரி பொரியாக எழும்புகிறது என்றார். திறந்து பார்த்தோம். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல். கிளறினாலும் கலங்கவில்லை, கட்டியாகவே புரண்டது. அமீன் கொஞ்சம் விட்டுப் பார்த்தோம், சூடுபடுத்திப் பார்த்தோம். ஒருமுறை ஒட்டிக்கொண்ட துளிகள் பிரியாது. அந்த ஐந்து டிரம்மும் போனதுதான்.

தவறாகப் போன சந்தேகங்கள்

முதலில் பாலியாலின் ஈரத்தைச் சந்தேகித்தோம். நியாயமான சந்தேகம்தான். 64 கிலோ பாலியாலில் 0.1 சதவீத ஈரம் என்றால் 64 கிராம் தண்ணீர். பார்க்க அற்பம். ஆனால் அது ஏறக்குறைய 790 கிராம் ஐ.பி.டி.ஐ.யைத் தின்றுவிடும், கணக்கே மாறிப்போகும். இதைப் பிடிக்க நல்ல சோதனை இருக்கிறது. ப்ரீபாலிமரில் மிச்சமிருக்கும் ஐசோசயனேட்டை அளவுக்கு மீறிய டைபியூட்டைல் அமீனோடு வினைபுரியவிட்டு, மீந்த அமீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்வது, அதாவது அமிலத்தைத் துளித்துளியாக விட்டு அளப்பது. ஏ.எஸ்.டி.எம். டி 2572 சொல்லும் முறை. புரோமோஃபீனால் நீலம் மஞ்சளாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் அளவுகளுக்குக் கணக்குப்படி மிச்ச ஐசோசயனேட் 3.5 சதவீதம் வர வேண்டும். மூன்று பேட்சுக்கு எடுத்தோம்: 3.4, 3.5, 3.4. ப்ரீபாலிமர் குற்றமற்றது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்து கலக்கியின் வேகம். கூட்டிப் பார்த்தோம், அசிட்டோனையும் பத்து சதவீதம் அதிகமாக்கினோம். குருணை குறைந்தது போலத் தெரிந்தது, அடுத்த பேட்சில் திரும்பி வந்தது. இந்த ஒரு வாரம் இப்படியும் அப்படியுமாகவே போயிற்று. ஒரு பேட்ச் சுமார், ஒரு பேட்ச் மோசம்.

யாரோ ஃப்ளூரைடு என்றார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தண்ணீரில் எது தவறினாலும் அந்தப் பேச்சு வரும். பல் கறை பிடித்த ஒரு தலைமுறையைப் பார்த்த ஊர்கள் இவை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் ஃப்ளூரைடு பற்களைக் கெடுக்குமே தவிர இந்தச் சரக்கை ஒன்றும் செய்யாது. அதை ஒதுக்கினோம். சரியாகத்தான் ஒதுக்கினோம். ஆனால் அதோடு சேர்த்துத் தண்ணீர் என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டோம். அங்கேதான் தவறினோம்.

டி.எம்.பி.ஏ.வைக் கூட்டிய முடிவு

இது என் முடிவு. துளிகள் ஒட்டிக்கொள்கின்றன என்றால் தள்ளுதல் போதவில்லை, தள்ளுதலைக் கூட்ட டி.எம்.பி.ஏ.வைக் கூட்டலாம் என்று நினைத்தேன். ப்ரீபாலிமரில் 4.6 சதவீதமாக இருந்ததை 6 ஆக்கினோம், அமீனையும் அதற்கேற்ப உயர்த்தினோம். மறுநாளே பலன் தெரிந்தது. பையில் குருணை இல்லை, நீல ஒளிர்வும் ஓரளவு திரும்பியது. முதலாளிக்கு நிம்மதி. இரண்டு பேட்ச் போட்டு முடித்தார்கள்.

நான்காம் நாள் ஃபிலிம் சோதனை வந்தது. கண்ணாடித் தட்டில் சரக்கை ஊற்றி உலர்த்தி எடுத்த படலத்தின் மேல் சொட்டுத் தண்ணீர் வைத்து மேலே மூடிவிட்டுப் பார்ப்போம். பழைய சரக்கில் ஒரு மணி நேரம் கழித்தும் லேசான மங்கல்தான் இருக்கும். இதில் பத்தே நிமிடத்தில் சொட்டு நின்ற இடம் சுண்ணாம்பு வட்டமாக வெளுத்துவிட்டது. 24 மணி நேரம் ஊறவைத்து எடை போட்டதில், முன்பு நூற்றுக்கு 6 பங்கு தண்ணீர் குடித்த படலம் இப்போது 14 குடித்திருந்தது. தோலில் பூசி ஈரத் துணியால் தேய்த்தபோது பூச்சு ஐம்பது தேய்ப்புக்குள் மங்கிப்போனது.

காரணம் கடினமானதில்லை. தண்ணீரில் நிற்க உதவும் அதே தொகுதி, உலர்ந்த பிறகும் தண்ணீரைக் கூப்பிடும். தொட்டியில் பிரச்சினையைத் தீர்த்து அதைத் தோலின் மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். மழையில் நடக்கும் ஒருவரின் ஷூவில் அது வெளுத்துத் தெரியும். அந்த இரண்டு பேட்சையும் அனுப்பாமல் நிறுத்தினோம். காரணம் தெரியாமல் மருந்தின் அளவைக் கூட்டியதுதான் இதில் நான் செய்த பிழை.

சோறும் பருப்பும்

ஆலையில் பாட்டில் கழுவி, மதியம் எல்லாருக்கும் சமைக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. யாரோ குறை சொன்னபோது அவர், “புது போர் தண்ணியில பருப்பே வேகறதில்லைங்க சார். பாட்டில் கழுவினா சோப்பும் நுரைக்கறதில்ல. பழைய போர் தண்ணி அப்படி இல்லைங்க” என்றார். ஆபரேட்டர், “ஆமா தம்பி, மாசியிலயே பழைய போர் வத்திப்போச்சு, 1,100 அடியில புதுசு போட்டோம்ல” என்று வேதியியலரைப் பார்த்துச் சொன்னார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வேதியியலர் எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்துவந்தார். நல்ல பேட்ச், கெட்ட பேட்ச் எல்லாவற்றையும் கிழமை வாரியாக எழுதினோம். திங்கள் பேட்ச் எல்லாம் சுமார். புதன், வெள்ளி பேட்ச் எல்லாம் மோசம். தண்ணீர் மென்படுத்தும் சாஃப்ட்னருக்கு ஞாயிறுதோறும் கல்லுப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிப்பது வழக்கம். புதுப்பித்த மறுநாள் தண்ணீர் மென்மை, நாள் போகப் போகக் கால்சியமும் மெக்னீசியமும் தப்பி வரும் கடினத் தண்ணீர். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்று பீக்கர்

ஊகம் போதாது என்பதால் அன்று மாலையே சோதனை வைத்தோம். 300 கிராம் ப்ரீபாலிமர் செய்து, அமீன் சேர்த்து, மூன்று பங்காகப் பிரித்தோம். ஒரே சரக்கு, ஒரே கலக்கி, ஒரே வேகம், ஒரே சூடு. தண்ணீர் மட்டும் வேறு. முதல் பீக்கருக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், இரண்டாவதுக்கு அப்போதுதான் புதுப்பித்த சாஃப்ட்னர் தண்ணீர், மூன்றாவதுக்கு நேரடி போர் தண்ணீர்.

மூன்றாவதில் பாதித் தண்ணீர் போகும் முன்பே கலக்கியின் தண்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. நிறுத்திப் பார்த்தால் அதே ரவை. முதல் பீக்கரின் பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்தோம். பக்கவாட்டில் நீலமாகவும், ஒளிக்கு நேரே ஆரஞ்சாகவும் தெரிந்தது, சூரியன் மறையும் வானம் மாதிரி. இரண்டாவது பீக்கரில் குருணை இல்லை, ஆனால் ஒளி ஊடுருவவில்லை. வெறும் பால். 50 டிகிரி அடுப்பில் ஒரு வாரம் வைத்ததில் முதலாவது அப்படியே இருந்தது, இரண்டாவதில் மெல்லிய வண்டல் படிந்தது.

அந்த இரண்டாவது பீக்கர்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சாஃப்ட்னர் தண்ணீரின் கடினத்தன்மை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது, சோதனைக் கிட்டில் நீலம் வந்தது, எல்லாம் சரி. ஆனால் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1,900 மைக்ரோசீமன்ஸ். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை. கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தருகிறது, அவ்வளவுதான். கால்சியத்துக்கு இரட்டை நேர்மின் சுமை, அது கார்பாக்சிலேட்டுகளைப் பிடித்துத் துளிகளை ஒட்டவைக்கும். ஒற்றைச் சுமை கொண்ட சோடியம் அப்படி ஒட்டவைக்காது. ஆனால் இவ்வளவு உப்பு இருந்தால் துளிகளைச் சுற்றியுள்ள மின் அரண் சுருங்கி, துளிகள் பெரிதாகவே பிறக்கின்றன.

ஆலையில் நடந்தது என்ன

ஆலையில் சாஃப்ட்னருக்கு அடுத்து ஒரு சிறிய ஆர்.ஓ. இருந்தது. பிப்ரவரியில் அதன் சவ்வு உப்புப் படிந்து அடைத்துக்கொண்டது. புதுச் சவ்வு வரும்வரை பைபாஸ் வால்வைத் திறந்து சாஃப்ட்னர் தண்ணீரையே ரியாக்டருக்கு விட்டார்கள். கடினத்தன்மை கிட்டில் நல்லபடியாகக் காட்டியதால் ஆபரேட்டருக்கு அதில் தவறு தெரியவில்லை. அவரிடம் வேறு அளவுகோல் யாரும் கொடுக்கவும் இல்லை. பிறகு அந்த ஏற்பாடே நிரந்தரமாகிவிட்டது. அதே மாதம் பழைய போர் வற்றி, கருங்கல் பாறையின் ஆழத்திலிருந்து புதுத் தண்ணீர் வந்தது. பழைய தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 350 மில்லிகிராம், புதியது 720. சுமை இரட்டிப்பாக, ஒரு வாரம் தாங்கிய சாஃப்ட்னர் மூன்று நாளில் கைவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ரியாக்டர் வாயிலில் எடுத்த தண்ணீரில் 480 இருந்தது.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்த்தோம். 180 லிட்டரில் வரும் அந்தக் கால்சியமும் மெக்னீசியமும், சரக்கில் உள்ள கார்பாக்சிலேட்டில் நூற்றுக்கு ஐந்தாறைப் பிடித்துவைக்கும். மொத்தச் சரக்கும் திரிய அது போதாது. ஆனால் தண்ணீர் விழும் இடத்தில் அங்கங்கே குருணை கட்டவும், டிரம்மில் நாள்பட வண்டல் படியவும் அது தாராளம். நாங்கள் பார்த்ததும் அதுவேதான்.

ஆலைப் பேட்ச் கெட்டபோதும் ஆய்வகத்தில் செய்த சிறு மாதிரிகள் எல்லாம் தேறியே வந்தன. அது ஏன் என்ற கேள்விக்கும் விடை மேசையின் அடியில் இருந்தது. ஆய்வக மாதிரிகளுக்குக் கிருஷ்ணகிரியில் பேட்டரிக் கடையிலிருந்து கேனில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீர். பாலியால், ஐசோசயனேட், டி.எம்.பி.ஏ. ஒவ்வொன்றுக்கும் வரும்போதே சோதனைச் சான்று கேட்டோம். சரக்கில் மூன்றில் இரண்டு பங்காகப் போகும் பொருளுக்கு ஒரு சான்றும் கேட்டதில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 15 நிமிடம் சுழற்றிப் பார்க்கும் சென்ட்ரிஃபியூஜ் சோதனையில் வண்டல் இல்லையென்றால் ஆறு மாதம் தாங்கும் என்று தொழிலில் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சோதனையையும் ஆய்வக மாதிரிக்குத்தான் செய்துவந்தோம், ஆலைப் பேட்சுக்கு இல்லை.

எடுத்த முடிவுகள்

ஆர்.ஓ. சவ்வு மாற்றும்வரை உற்பத்தி நிறுத்தம். ஒன்பது நாள் நின்றது. முதலாளிக்கு அது எளிதான முடிவில்லை, மாங்கூழ் சீசன் தொடங்கினால் அந்தப் பக்கம் ஆள் கிடைப்பதே கஷ்டம். ஆனாலும் ஒத்துக்கொண்டார். பைபாஸ் வால்வைக் கழற்றிக் குழாயை மூடிவிட்டோம். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் எடுக்கும் ஒரு சிறிய அயனி நீக்கி வைத்தோம். ரியாக்டருக்குப் போகும் குழாயிலேயே மின்கடத்துதிறன் மீட்டர். 20 மைக்ரோசீமன்சுக்கு மேல் காட்டினால் ஆபரேட்டரே பேட்சை நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று எழுதி ஒட்டினோம். அந்த அதிகாரத்தை அவரிடம் கொடுத்ததுதான் மீட்டரைவிடப் பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

டி.எம்.பி.ஏ. பழைய அளவுக்கே திரும்பியது. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாட்டில் 50 டிகிரி அடுப்பில் ஏழு நாள் இருந்த பிறகே டிரம் வெளியே போகும். திரிந்த சரக்கை அமிலம் விட்டு முழுதாகக் கெட்டியாக்கி, திடக்கழிவை அங்கீகாரம் பெற்ற கழிவு நிலையத்துக்கு அனுப்பினோம்.

அதன் பிறகு

மே கடைசியில் உற்பத்தி மறுபடி ஓடியது. வடிபையில் குருணை இல்லை, நீலம் திரும்பியது, சொட்டுச் சோதனையும் பழையபடி தேறியது. சரக்கைத் திருப்பியனுப்பிய வாடிக்கையாளர் ஒரு டிரம் வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி எடுக்க ஆரம்பித்தார்.

ஜூலையில் இன்னொரு வாடிக்கையாளரிடமிருந்து பொரி பொரியாக எழும்புகிறது என்று அழைப்பு. அந்தப் பேட்சின் பாட்டில் எங்கள் அடுப்பில் சுத்தமாக இருந்தது. நானும் வேதியியலரும் நேரில் போனோம். ஸ்பிரே செய்பவர் எங்கள் சரக்கில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து கொண்டிருந்தார். பக்கத்துக் குழாயைத் திறந்து பக்கெட்டில் பிடித்த தண்ணீர். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்பது அந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீட்டரை வைத்தோம், 3,400 காட்டியது. எங்கள் வாசலில் அடைத்த குழாய் அவர் வாசலில் திறந்திருந்தது.

ஆர்.ஓ. தண்ணீர் கலக்கச் சொல்லி டிரம்மில் தமிழில் ஒட்டி அனுப்புகிறோம். குடிதண்ணீர் கேன் வாங்கிக் கலக்கினாலும் போதும் என்று சேர்த்து எழுதியிருக்கிறோம். ஆனால் கையில் கிடைத்த தண்ணீரைக் கலப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரில் கலக்கலாம் என்று சொல்லித்தான் இந்தச் சரக்கையே விற்கிறோம்.

மறுபடி செய்வதானால்

மூன்று பீக்கர் சோதனையை முதல் குருணை தெரிந்த அன்றே செய்திருப்பேன். அதற்குச் செலவு 300 கிராம் ப்ரீபாலிமரும் ஒரு மாலை நேரமும். புது போர் போட்டதை ஆலையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஆய்வகத்துக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது தண்ணீர் வரும் இடம் மாறினால் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

சோதனைப் பட்டியலில் கால்சியம் குளோரைடு சோதனையையும் சேர்த்தாயிற்று. சரக்கில் கால்சியம் குளோரைடு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எந்த அளவில் திரிகிறது என்று குறிப்பது. வாடிக்கையாளரின் குழாயை எங்கள் சரக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அது முன்கூட்டியே காட்டும். இப்போதைய சரக்கு அதில் சுமாராகத்தான் நிற்கிறது.

அதற்காக பாலி எத்திலீன் ஆக்ஸைடு பக்கச் சங்கிலி உள்ள பாலியாலைச் சிறிதளவு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது மின்சுமையை நம்பாமல், துளியைச் சுற்றி முடி போல நின்று மற்றத் துளிகளை நெருங்கவிடாது. அதனால் உப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதுவும் தண்ணீரை விரும்பும் பொருள். டி.எம்.பி.ஏ.வில் பட்ட அதே சூடு இங்கேயும் காத்திருக்கிறது. 2 சதவீதத்தில் கால்சியம் சோதனை தேறுகிறது, சொட்டுச் சோதனையில் நாற்பது நிமிடத்தில் வெளுக்கிறது. 1 சதவீதத்தில் போட்ட பாட்டில் நேற்றுதான் அடுப்புக்குள் போயிருக்கிறது.